நதி நடுவே ஒரு பட்டணம்

பெங்களூருவிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோயில், கோட்டை, கொக்கு எல்லாம் உண்டு. தமிழர்களுக்கு அங்கே இன்னொன்றும் இருக்கிறது: அவர்கள் கதையில் ஒரு பகுதி.

காலை ஆறு மணி. ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை. அல்சூர் ஏரியின் மேல் பனி இன்னும் விலகவில்லை. 18 ஆண்டுகள் கோணிப் போர்வைக்குள் இருந்து, 2009 ஆகஸ்டில் வெளிச்சத்தைப் பார்த்த திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன கார் புறப்படத் தயாராக நிற்கிறது. பின் சீட்டில் தயிர்சாதம், எலுமிச்சம்பழச் சாதம், ஊறுகாய், இரண்டு குழந்தைகள். நடுவில் 74 வயதுப் பாட்டி. அவர் மடியில் துணியில் சுற்றிய பித்தளைச் செம்பு.

"இவ்வளவு பாட்டில் இருக்கும்போது அது எதற்கம்மா?" என்கிறார் மகன். "அது எனக்கு" என்பதோடு பேச்சு முடிகிறது.

பாட்டி பிறந்தது ஸ்ரீரங்கம். எழுபதுகளில் கல்யாணமாகி, பெங்களூருவில் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த கணவரோடு அல்சூரில் குடியேறியவர். காவிரியில் மூன்று தீவுகளில் மூன்று ரங்கநாதர்கள் பள்ளிகொண்டிருக்கிறார்கள் என்பது வைணவ மரபு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கம், சிவனசமுத்திரத்தில் மத்தியரங்கம், ஸ்ரீரங்கத்தில் அந்தியரங்கம். கடைசி ரங்கத்தில் பிறந்தவருக்கு முதல் ரங்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. தூரம் சுமார் 125 கி.மீ.தான். ஆனால் போய்ச்சேர முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

முதலில் திட்டமிட்டது 1991 டிசம்பர் கடைசியில், பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு. அந்த ஆண்டு ஜூன் 25ல் காவிரி நடுவர் மன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விடும்படி இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அது மத்திய அரசின் கெஜட்டில் வெளியானபோது பெங்களூரு பற்றி எரிந்தது. தமிழர்களின் கடைகளும் குடிசைகளும் தீக்கு இரையாயின. ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி ஓடினார்கள். பாட்டியின் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம்தான் பாலும் காய்கறியும் வாங்கிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தது. இரண்டும் பாட்டிக்கு மறக்கவில்லை. சுற்றுலா மட்டும் மறந்துபோயிற்று.

அன்று பத்தாம் வகுப்பு முடிக்காத பையனாக இருந்த மகன் இன்று ஜெர்மன் கம்பெனி ஒன்றின் பெங்களூரு அலுவலகத்தில் இன்ஜினியர். வேலை விஷயமாக ஜெர்மனி போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நெக்கர் நதிக்கரையில் இருக்கும் ஹைடல்பெர்க் நகரைச் சுற்றிப்பார்த்தவர். இடிந்த கோட்டை, பழைய பாலம், ஆற்றில் படகு என்று நூற்றுக்கணக்கில் போட்டோ எடுத்து வந்தார். வீட்டில் எல்லோருக்கும் காட்டினார். "இதே மாதிரி ஆறும் கோட்டையும் இங்கேயே இருக்கு, நீ போயிருக்கியா?" என்று மனைவி கேட்டதில் பிறந்ததுதான் இந்தப் பயணம்.

பெரிய ஆறு ஒன்றும் ஓடாத பெருநகரம் பெங்களூரு. இருந்த சின்ன ஆற்றின் கதி என்ன என்பது மைசூர் சாலையில் கெங்கேரியை நெருங்கும்போது மூக்குக்குத் தெரிகிறது. எட்டு வயதுப் பேரன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "என்னப்பா இந்தச் சாக்கடை?" என்கிறான். அது விருஷபாவதி. பசவனகுடிப் பக்கம் பிறந்து, நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு அர்க்காவதியில் கலந்து, கடைசியில் அதுவும் காவிரிக்குத்தான் போகிறது.

2023 மார்ச்சில் திறக்கப்பட்ட 119 கி.மீ. விரைவுச் சாலை, மூன்று மணி நேரப் பயணத்தைப் பாதியாக்கியிருக்கிறது. அதற்கு விலையும் உண்டு. சுங்கக் கட்டணம் ஒன்று. வழியில் இருந்த ஊர்கள் காணாமல்போனது இன்னொன்று. பிடதி, ராமநகரம், சன்னபட்டணம், மத்தூர், மண்டியா எல்லாவற்றையும் புதுச் சாலை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகிறது. 1975ல் வந்த 'ஷோலே' படத்தில் கப்பர்சிங் உறுமிய ராமநகரத்துப் பாறைகள் தூரத்தில் ஓடி மறைகின்றன. வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிச் செய்யும் சன்னபட்டணத்து பொம்மைகள் பழைய சாலையோரக் கடைகளில் வாடிக்கையாளருக்குக் காத்திருக்கின்றன. இந்தக் கைவினையைப் பாரசீகத்திலிருந்து ஆட்களை வரவழைத்துக் கற்றுக்கொடுத்தவர் திப்பு சுல்தான் என்பது வழிவழியாக வரும் கதை.

மத்தூரில் மட்டும் மகன் பழைய சாலைக்கு இறங்குகிறார். வடைக்காக. அரிசி மாவு, ரவை, மைதா மூன்றையும் வெங்காயம், கறிவேப்பிலையோடு பிசைந்து தட்டையாகத் தட்டிப் பொரிக்கும் மத்தூர் வடை, ரயில் பயணிகளை நம்பிப் பிறந்த பலகாரம். பெயர்தான் வடை. கடித்தால் தட்டை. ஹோட்டல் பலகையில் எழுதியிருப்பதை 12 வயதுப் பேத்தி படபடவென்று படித்துச் சொல்கிறாள். பள்ளியில் கன்னடம் படிப்பவள் அவள். பாட்டிக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இருவருக்கும் சேர்த்து இரண்டு மொழிகள் முழுசாக இருக்கின்றன.

மண்டியா தாண்டியதும் கரும்பும் நெல்லுமாகப் பச்சை. மழை பொய்த்த ஆண்டுகளில் தமிழகத்துக்குத் தண்ணீர் திறக்கும் பேச்சு வரும்போதெல்லாம் விவசாயிகள் உட்கார்ந்து மறிக்கும் சாலை இதுதான். தஞ்சாவூர்க்காரர் டி.வி.யில் பார்த்துக் கோபப்படும் மண்டியா, நேரில் பார்த்தால் தஞ்சாவூர் மாதிரியே இருக்கிறது. அதே வாய்க்கால், அதே வரப்பு, அதே பயம்.

காவிரி இரண்டு கைகளாகப் பிரிந்து மறுபடி சேரும் இடைவெளியில், ஏறக்குறைய ஐந்து கி.மீ. நீளத்துக்குக் கிடக்கிறது ஸ்ரீரங்கப்பட்டணம் தீவு. கார் பாலத்தில் ஏறியதும் பாட்டி கைகூப்புகிறார். கீழே பாறைகளுக்கிடையே சலசலத்து ஓடுகிறது ஆறு. ஸ்ரீரங்கத்தில் பார்த்த அகண்ட காவிரி இல்லை இது. "குழந்தையா இருக்கா" என்கிறார்.

ரங்கநாதர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். "ஹூவு பேக்கா அம்மா?" என்று துளசி மாலையை நீட்டுகிறார்கள் பூக்காரிகள். கி.பி. 894ல் கங்க மன்னர்களின் கீழ் இருந்த திருமலையா என்ற தலைவர் கட்டியதாகச் சொல்லப்படும் கோயில் இது. பின்னர் ஹொய்சளர்களும் விஜயநகரத்தாரும் பெரிதாக்கினார்கள். திருமாலின் 24 வடிவங்களைச் செதுக்கிய இரண்டு தூண்களின் அருகே பேத்தி எண்ண ஆரம்பிக்கிறாள். இருட்டான கருவறையில், தீபாராதனை வெளிச்சத்தில், ஆதிசேஷன் மேல் பள்ளிகொண்டிருக்கிறார் பெருமாள். பாதத்தருகே இருப்பது காவிரித் தாய் என்பது ஐதீகம். கூட்டம் தள்ளுகிறது. பாட்டிக்குக் கிடைத்தது அரை நிமிடம். வெளியே வந்து ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர் பத்து நிமிடம் யாரோடும் பேசவில்லை.

கோயில் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் லால் மகால். திப்புவின் அரண்மனை. பார்க்க ஒன்றும் இல்லை. கல் அடித்தளம், புல், ஒரு பலகை. ஹைடல்பெர்க் கோட்டையும் இடிபாடுதான். 17ம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுப் படைகள் தகர்த்த கோட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, அதைப் பார்க்க உலகத்தையே வரவழைக்கிறார்கள். டானூப் நதிக்கரையில் இருக்கும் இன்னொரு ஜெர்மன் நகரமான ரேகன்ஸ்பர்க் 2006ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சின்னங்களும் 2014லிருந்து அந்தப் பட்டியலின் உத்தேச வரிசையில் காத்திருக்கின்றன. காத்திருக்கும் அகழியில் பிளாஸ்டிக் பைகள் மிதக்கின்றன. கோட்டையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ரயில் ஓடுகிறது. இரட்டைப் பாதை போட வழியில் நின்ற திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்றை 2017ல் அப்படியே பெயர்த்து, நகர்த்தி வைத்தார்கள். அந்தப் பாதையில் ஓடிய திப்பு எக்ஸ்பிரஸின் பெயரும் 2022ல் உடையார் எக்ஸ்பிரஸ் என்று மாறிவிட்டது.

இரண்டு பெயருக்குமே இந்தத் தீவில் உரிமை உண்டு. ராஜ உடையார் 1610ல் விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து ஊரைக் கைப்பற்றி, அதே ஆண்டு இங்கே தசரா கொண்டாடினார். பிரபலமான மைசூர் தசரா பிறந்தது மைசூரில் அல்ல, இங்கேதான். பிறகு உடையார்களின் படைத்தலைவராக எழுந்து ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டவர் ஹைதர் அலி. அவர் மகன் திப்பு.

திப்பு யார் என்பதில் கர்நாடகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆங்கிலேயரை எதிர்த்துப் போர்க்களத்தில் செத்த மன்னர் என்று 2015ல் அரசே ஜெயந்தி கொண்டாடியது. 2019ல் வேறு அரசு அதை ரத்து செய்தது. அரண்மனைக்கு எதிரிலேயே இருந்த ரங்கநாதர் கோயிலுக்கு அவர் வெள்ளிப் பாத்திரங்கள் வழங்கியிருக்கிறார். அதே திப்புவின் படை செய்த கொடுமைகளைக் குடகில் மறக்கவில்லை. மேல்கோட்டையைச் சேர்ந்த, வீட்டில் தமிழ் பேசும் மண்டயம் அய்யங்கார்களில் பலர், தங்கள் முன்னோரைத் திப்பு கொன்ற நாள் என்று சொல்லி நரக சதுர்த்தசியைக் கொண்டாடுவதில்லை. கோயிலில் வெள்ளிக் கிண்ணமும் உண்மை. மேல்கோட்டை வீடுகளில் ஏற்றாத தீபாவளி விளக்கும் உண்மை. "நல்லவரா, கெட்டவரா?" என்று பேரன் கேட்கிறான். "ராஜா" என்கிறார் பாட்டி.

வடக்குக் கோட்டைச் சுவரையொட்டி நடந்தால் ஆற்றை நோக்கிய பாதாளச் சிறை. 1780 செப்டம்பர் 10ல் பொள்ளிலூர் போரில் பிடிபட்ட கர்னல் பெய்லி இந்த ஊரில்தான் கைதியாக இருந்து 1782ல் இறந்தார். பொள்ளிலூர் வேறெங்கோ இல்லை. காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எதிரிகளை முறியடித்ததாகச் செப்பேடு சொல்லும் அதே ஊர். கன்னட நாட்டுப் படைகளும் தமிழ் நாட்டுச் சமவெளியும் சந்தித்துக்கொள்வது காவிரித் தகராறில் ஆரம்பித்ததல்ல.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், திப்புவின் உடல் கிடந்த இடம் என்று ஒரு கல். 1799 மே 4, மதியம். ஜெனரல் ஹாரிஸின் படை ஒரு மாதமாக முற்றுகையிட்டிருந்தது. கோட்டைச் சுவரில் பிளவு விழுந்துவிட்டது. ஆனால் தீவின் உண்மையான கோட்டைச் சுவர் காவிரிதான். ஜூனில் குடகில் மழை பிடித்துவிட்டால் ஆறு பெருகும். அப்புறம் யாரும் கடக்க முடியாது. அதற்குள் முடித்தாக வேண்டும் என்பதுதான் ஆங்கிலேயரின் அவசரம். மே மாதத்து ஆறு ஆள் இறங்கிக் கடக்கும் அளவுக்குத்தான் இருந்தது. படையை நடத்திச் சென்ற டேவிட் பேர்ட், பொள்ளிலூரில் பிடிபட்டு இதே ஊரில் மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்தவர். மாலைக்குள் எல்லாம் முடிந்தது. இரவில் தீவட்டி வெளிச்சத்தில், பிணக்குவியலின் நடுவே திப்புவைத் தேடி எடுத்தார்கள்.

பிறகு நடந்த கொள்ளையில் போன பொருட்கள் இன்னும் செய்தியில் வருகின்றன. சிப்பாயைக் கடித்துக் குதறும் மரப்புலி லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திப்புவின் வாள் ஒன்று 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் 1.4 கோடி பவுண்டுக்கு விலைபோனது. கல் இருக்கும் இடத்தில் ஒரு ஆடு மேய்கிறது.

தரியா தவுலத் அரண்மனை இதற்கெல்லாம் நேர்மாறு. தோட்டத்தின் நடுவே, தேக்கு மரத்தில், 1784ல் திப்பு கட்டிய கோடைகால மாளிகை. சுவரில் ஒரு அங்குலம் விடாமல் ஓவியம். வெயில் படாதிருக்க நான்கு பக்கமும் பச்சைத் தட்டிகள் தொங்குகின்றன. மேற்குச் சுவர் முழுக்கப் பொள்ளிலூர் போர். பல்லக்கில் அமர்ந்திருக்கும் பெய்லி, அவரைச் சுற்றிச் சதுரமாக நிற்கும் சிப்பாய்கள், வெடிக்கும் மருந்து வண்டி, யானை மேல் ஹைதர். தோற்றவர்கள் பின்னால் வந்து ஜெயித்து, இதே மாளிகையில் ஆர்தர் வெல்லெஸ்லியைக் குடிவைத்தார்கள். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு பின்னாளில் ஆனவர் இவர்தான். தங்கள் தோல்வியைக் காட்டும் ஓவியத்தை ஆங்கிலேயர்கள் அழிக்கவில்லை. புதுப்பிக்கச் சொன்னார்கள்.

பேரனுக்குப் பிடித்தது ராக்கெட். இரும்புக் குழாயில் மருந்து அடைத்து, நீண்ட மூங்கிலில் கட்டிவிட்ட மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் போன அப்துல் கலாம், அங்கே திப்புவின் ராக்கெட் படையைக் காட்டும் ஓவியம் மாட்டியிருந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பேத்தி நின்றது வேறொரு படத்தின் முன். 1792ல் மூன்றாம் மைசூர் போரில் தோற்ற திப்பு, பாதி நாட்டையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டார். பணம் வந்துசேரும்வரை இரண்டு மகன்களைப் பிணையாகக் கேட்டார் காரன்வாலிஸ். பத்து வயதும் எட்டு வயதும். இருவரையும் சென்னைக்குக் கொண்டுபோய் இரண்டு வருடம் வைத்திருந்தார்கள். தம்பியைத் திரும்பிப் பார்க்கிறாள் அவள்.

அந்த ஒப்பந்தத்தில் கைமாறிய பாதி நாட்டில்தான் பாராமகாலும் திண்டுக்கல்லும் இருந்தன. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பகுதிகள் அன்றுவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வரி கட்டியவை. 1799க்குப் பிறகு திப்புவின் குடும்பத்தை வைத்ததும் தமிழ் மண்ணில், வேலூர்க் கோட்டையில். 1806 ஜூலை 10ல் அங்கே சிப்பாய்கள் எழுந்தபோது ஏற்றியது திப்புவின் கொடி.

அல்சூர்த் தமிழர்களின் கதையும் இந்தத் தீவில்தான் திருப்பம் கண்டது. ஜெயித்த ஆங்கிலேயர்கள் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே நிறுத்தினார்கள். எதிரிகளால் முடியாததைக் கொசு செய்தது. தேங்கிய அகழியும் ஆற்றோரச் சதுப்புமாக இருந்த ஊரில் காய்ச்சல் கண்டு சிப்பாய்கள் விழுந்தார்கள். அவர்கள் கல்லறைகள் ஆற்றோரத்தில் இன்னும் வரிசையாக இருக்கின்றன. கடைசியில் 1809ல் படை முகாம் குளிர்ச்சியான பெங்களூருவுக்கு, அல்சூர் ஏரிப் பக்கத்துக்கு மாறியது. முகாமின் பின்னாலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சிப்பாய்கள், வியாபாரிகள், கொத்தனார்கள், சமையற்காரர்கள் என்று தமிழர்கள் வந்தார்கள். அல்சூரும் சிவாஜிநகரும் அப்படித்தான் தமிழ் பேசத் தொடங்கின. பெங்களூருவில் தமிழர்கள் எப்போது வந்தார்கள் என்று கோபத்தோடு கேட்கப்படும் கேள்விக்குப் பாதிப் பதில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொசுவிடம் இருக்கிறது. மீதிப் பாதி இன்னும் பழையது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் ஆங்கிலேயர்களுக்குப் பல நூற்றாண்டு முந்தையவை.

கும்பஸில் ஐந்து நிமிடம். கறுப்பில் பளபளக்கும் தூண்கள் தாங்கும் கூடத்தின் நடுவே, ஒரே குவிமாடத்தின் கீழ், ஹைதர், அவர் மனைவி, திப்பு. தந்தைக்கு மகன் கட்டிய கல்லறையில் மகனையும் வைத்திருக்கிறார்கள். இறுதி ஊர்வலத்துக்கு ராணுவ மரியாதை கொடுத்தவர்கள் அவரைக் கொன்றவர்களே.

சாப்பாடு சங்கமத்தில். தீவின் கிழக்கு முனையில், பிரிந்த இரண்டு கைகளும் மறுபடி சேரும் இடம். மரநிழலில் எலுமிச்சம்பழச் சாதம் பிரிகிறது. பரிசல்கள் வட்டமடிக்கின்றன. சுழல் உண்டு, இறங்காதீர்கள் என்று பலகை எச்சரிக்கிறது. படித்துறையில் திதி கொடுக்கும் கூட்டம். ஒரு குடும்பம் மண்பானையைச் சரித்து அஸ்தி கரைக்கிறது.

அதைப் பார்த்ததும் பாட்டி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் கணவர் இறந்தது 2016 செப்டம்பர் இரண்டாவது வாரம். அஸ்தியை ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்தில் கரைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அந்த வாரம்தான் உச்ச நீதிமன்ற உத்தரவால் பெங்களூருவில் மறுபடி தீ பற்றியது. தமிழ்நாட்டுப் பதிவு எண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. ஓசூர் எல்லையில் போக்குவரத்து நின்றது. நடந்தே எல்லையைக் கடந்தார்கள் மக்கள். பானை பத்து நாளைக்கு மேல் வீட்டிலேயே காத்திருந்தது.

"இந்தத் தண்ணி எங்கே போகுது?" என்கிறார் பாட்டி, ஆற்றைப் பார்த்தபடி.

மகன் சொல்கிறார்: சிவனசமுத்திரம். அப்புறம் மேக்கேதாட்டு, ஒகேனக்கல், மேட்டூர். பவானி, ஈரோடு, கரூர். முக்கொம்பு. அப்புறம் ஸ்ரீரங்கம்.

"அப்போ இங்கேயே கரைச்சிருக்கலாம். அதுவா போய்ச் சேர்ந்திருக்கும்."

மகனிடம் பதில் இல்லை. 1924 ஒப்பந்தம், 1990ல் அமைந்த நடுவர் மன்றம், 2007 இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16ல் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று அதைத் திருத்திய உச்ச நீதிமன்றம் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். ஆபீசில் கன்னட நண்பர்களோடு அவர் பேசாமல் தவிர்க்கும் ஒரே விஷயம் அதுதான். அம்மா கேட்டது அதில் எதிலும் இல்லை. படிக்கட்டில் கைபிடித்து இறக்கிவிடுகிறார். பாட்டி குனிந்து, தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, செம்பை நிரப்பித் துணியால் வாயைக் கட்டுகிறார்.

மாலை ரங்கனதிட்டு. 17ம் நூற்றாண்டில் காவிரியின் குறுக்கே கட்டிய சிறு அணையால் உண்டான திட்டுகளில் பறவைகள் குவிவதைப் பார்த்து, சலீம் அலி சொன்னதன் பேரில் மைசூர் மகாராஜா 1940ல் சரணாலயமாக அறிவித்த இடம். 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. துடுப்புப் படகு பாறைகளை ஒட்டிப் போகிறது. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, கூடு கட்ட இடம் பிடிக்கும் மஞ்சள்மூக்கு நாரைகள். வேடந்தாங்கலைப் பார்த்தவர்களுக்குப் பழக்கமான முகங்கள்தான். இங்கே கூடுதலாக, பாறை மேல் வாயைத் திறந்தபடி வெயில் காயும் முதலைகள். படகுக்காரர் கன்னடத்தில் சொல்லும் பெயர்களைப் பேத்தி பாட்டிக்குத் தமிழில் சொல்கிறாள். தெரியாத பெயருக்கு "கொக்கு மாதிரி ஒண்ணு" என்கிறாள்.

சில கி.மீ. மேலே கிருஷ்ணராஜ சாகர் அணை. 1911ல் தொடங்கி 1931வாக்கில் முடிந்த, 124.8 அடி முழு நீர்மட்டம் கொண்ட, விஸ்வேஸ்வரய்யாவின் பெயரைச் சொல்லும் அணை. அங்கே மதகு திறந்தால் இங்கே படகு நிற்கும். வெள்ளம் அதிகமானால் கூடுகள் போகும். பிருந்தாவனம் போக வேண்டும் என்று பேரன் அடம்பிடிக்கிறான். நேரம் இல்லை. ஒரே நாளில் இரண்டையும் அடைக்க நினைப்பவர்கள் இரண்டையும் ஓட்டமாகத்தான் பார்க்க முடியும். ரயிலில் வருபவர்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே ஸ்டேஷன் உண்டு. அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் கோட்டை, தரியா தவுலத், கும்பஸ், சங்கமம் என்று ஒரு சுற்று அரை நாளில் முடியும். கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் வழியில் கெங்கேரியிலிருந்து நகரத்துக்குள் வர ஒரு மணி நேரம். அல்சூர் வந்து சேரும்போது மணி ஒன்பதரை. குழந்தைகள் பாதித் தூக்கத்தில். பாட்டி நேராகப் பூஜை அறைக்குப் போய்ச் செம்பை வைக்கிறார்.

பேத்தி சமையலறைக் குழாயைத் திறந்து கை கழுவுகிறாள். 1974லிருந்து பெங்களூரு குடிப்பது காவிரியைத்தான். தொரெகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கி.மீ. குழாயில், ஏறக்குறைய அரை கி.மீ. உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி நகரம் தவித்த பிறகு, அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு மேலும் 77.5 கோடி லிட்டரைச் சேர்த்தது.

"பாட்டி, இதுவும் காவிரித் தண்ணிதானே? டீச்சர் சொன்னாங்க. அதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போய் எடுத்துட்டு வரணும்?"

பாட்டி செம்பின் துணியை அவிழ்த்துப் பார்க்கிறார். கொஞ்சம்கூடச் சிந்தவில்லை.

"உங்க தாத்தாவுக்குத்தான்டி" என்கிறார். "அடுத்த மாசம் ஸ்ரீரங்கம் போகும்போது எடுத்துட்டுப் போகணும்."